வீட்டுப் பாதுகாப்பு: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டை முழுசாகச் சோதிப்பது எப்படி?

வீட்டுப் பாதுகாப்பு என்றாலே பலருக்கும் திருடன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். வாசலில் கேமரா, கதவுக்கு இரட்டைப் பூட்டு, மொட்டைமாடிக்குக் கிரில் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அதே வீட்டில் கேஸ் டியூபை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். திருட்டில் போவது பெரும்பாலும் பொருள். சிலிண்டரிலும் கரண்டிலும் தொட்டித் தண்ணீரிலும் போவது உயிர். அதனால் நாம் சமையலறையில் தொடங்குவோம். பூட்டும் சாவியும் கடைசிப் பக்கம் வரட்டும்.

ஒரு ஞாயிறு காலை போதும். கையில் ஒரு டார்ச், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், குறித்துக்கொள்ள ஒரு தாள், பேனா. வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தனியாக இருக்கும்போதுதான் இதெல்லாம் அதிகம் தேவைப்படும்.

முதல் படி: சிலிண்டர்

வீட்டு உபயோக சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி, மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகள் இருக்கும். அதில் ஒன்றின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் பெயின்டில் எழுதியிருக்கும். சிலிண்டரை அடுத்த முறை சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. 'பி 27' என்று இருந்தால் 2027 ஜூனோடு கெடு முடிகிறது. கெடு தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. காலி சிலிண்டரின் எடையும் பட்டையில் இருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டினால் வர வேண்டிய எடை கிடைத்துவிடும். டெலிவரி செய்பவரிடம் தராசு கேளுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்து டியூப். ஆரஞ்சு நிறத்தில் வரும் சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 வருஷம். தேதி டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் இடம் வசதியாக இருக்கட்டும் என்று டியூபை மேடைக்குள் துளை போட்டு, அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பார்கள். எலி கடித்தாலும் வெடிப்பு விட்டாலும் கண்ணில் படாது. டியூப் முழு நீளமும் வெளியே தெரிய வேண்டும். அதன் மேல் துணி சுற்றுவது, பிளாஸ்டிக் உறை மாட்டுவது எல்லாம் அழகுக்குச் சரி, பாதுகாப்புக்கு ஆகாது.

இப்போது கசிவுச் சோதனை. அடுப்பின் குமிழ்களை மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். சோப்பு நுரையை ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூபின் இரு முனைகள், டியூபின் உடல் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். புது சிலிண்டர் மாட்டும்போது வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கசிவுகள் அந்தச் சின்ன வளையம் தேய்ந்ததால் வருபவை.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடுவது வீட்டில் யாருடைய வேலை என்று ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். எல்லோருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் ஆகாது.

கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும். அதனால்தான் உயரத்தில் உள்ள ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். வரிசை இதுதான்:

1. எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் உள்ளே பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வாடையை வெளியேற்ற நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு.
2. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எரிந்துகொண்டிருந்தால் அணையுங்கள்.
3. ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி, நூலில் தொங்கும் வெள்ளை மூடியை வால்வில் அழுத்தி மாட்டுங்கள்.
4. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.
5. வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் இது, 24 மணி நேரமும் இயங்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்து காலிங் பெல் அடிப்பவரையும் தடுக்க வேண்டும். அந்த பெல்லும் ஒரு சுவிட்ச்தான்.

இரண்டாம் படி: அடுப்பைச் சுற்றி

குக்கரின் வெயிட்டைக் கழற்றி, அந்தத் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். ஒரு துவரம்பருப்புத் தோல் அடைத்தால் போதும், ஆவிக்கு வழி இல்லாமல் போய்விடும். சேஃப்டி வால்வு உருகிப்போனால் அந்த குக்கருக்கு உரிய வால்வையே மாற்றுங்கள். நாலு நாளைக்கு ஓடட்டும் என்று கடையில் கிடைப்பதை மாட்டாதீர்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி என்றால் பாதிதான்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசி எறியும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டால் மூடுங்கள், அவ்வளவுதான். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். பொரிக்கும்போது வாணலிக்குப் பொருந்தும் தட்டு ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், மஞ்சள், இட்லி மாவு எதுவும் வேண்டாம். நம் ஊரில் இட்லி மாவுக்கு இருக்கும் மவுசு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் புண்ணுக்குள் போய் ஒட்டிக்கொண்ட மாவை மருத்துவமனையில் சுரண்டி எடுக்கும்போது படும் வலி, சூடு பட்ட வலியைவிட மோசம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: கரண்ட்

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் எம்சிபி. அவை வயரைக் காப்பாற்றுபவை. லோடு அதிகமானால் விழும். ஆளைக் காப்பாற்றுவது வேறொன்று. அதன் பெயர் ஆர்சிசிபி; பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள். கொஞ்சம் அகலமாக, 'டி' என்று போட்ட ஒரு பொத்தானோடு இருக்கும். உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் பாய்ந்தால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். அதன் மேல் 30 எம்ஏ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீ விபத்துக்கு உதவும், ஆளுக்கு உதவாது.

இப்போது அந்த 'டி' பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் பெயருக்குத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பாருங்கள். ஆர்சிசிபியே இல்லாத வீடு என்றால், இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. வாடகை வீடாக இருந்தாலும் ஓனரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், சிலர் அதை பைபாஸ் செய்து நேரடியாக லைன் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் கரண்ட் நிற்பதில்லை, நமக்கும் சந்தோஷம். ஆனால் அது விழுந்ததற்குக் காரணம் எங்கோ கசிவு இருப்பதுதான்: பழைய கீசர், கிரைண்டர் மோட்டார், சுவரில் ஊறிய ஈரம். எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எந்த லைனில் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் மாட்டும்போதும் நியூட்ரலை மாற்றி இணைத்துவிட்டால் இதே தொல்லை வரும். அப்போதும் பலி கொடுக்கப்படுவது ஆர்சிசிபிதான்.

மூன்று பின் பிளக்கில் தடித்த பின் எர்த். மற்ற இரண்டைவிட அது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதிலும் அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டாதீர்கள். தனி வீடாக இருந்தால் எர்த் குழியில் கோடைக்காலத்தில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது.

அப்புறம் துணி காயப்போடும் கொடி. மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பிரித்தால் இந்தச் செய்தி இல்லாத வருஷம் இல்லை: இரும்புக் கம்பிக் கொடி, அதன்மேல் உரசும் சர்வீஸ் வயர், ஈரத் துணியோடு ஒரு பெண், காப்பாற்றப் போன இன்னொருவர். கம்பியை இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ கொடி கட்டவோ மாட்டைக் கட்டவோ கூடாது. அறுந்து தொங்கும் வயரைப் பார்த்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். அதுவரை யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? இந்த ஞாயிறே காட்டிக்கொடுங்கள். மெயின் எட்டாத இடத்தில் இருந்தால், காய்ந்த மரப்பலகையோ பிளாஸ்டிக் நாற்காலியோ காலடியில் போட்டு நின்றுகொண்டு, காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். வெறும் கையால் பிடித்து இழுத்தால் அடுத்த ஆள் நீங்கள்.

தண்ணீர் காய்ச்சும் ராடின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை விட்டுப் பாருங்கள். சுவிட்ச் அணைந்திருந்தால் மட்டும் போதாது. எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வெளியே போகும் ஒரே வழியில் நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியும் சேர்ந்து அடைபடும்.

நான்காம் படி: குளியலறை

வயதானவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால் பலர் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை. மேற்கத்திய டாய்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, குளிக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி. டவல் கம்பி ஆள் எடை தாங்காது, அதைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள் ஏராளம். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெரியவர்கள் குளிக்கும்போது தாழ் போடாமல் வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைக்கும் பழக்கம் போதும்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் அதை வெளியே மாற்றுங்கள். மூடிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயங்குவதற்குள் கதவைத் திறக்கத் தோன்றாது.

ஐந்தாம் படி: தொட்டிகள்

சம்ப்புக்கு மூடி இருந்தால் போதாது, பூட்டு வேண்டும். தகர மூடி துருப்பிடித்து இத்துப்போயிருக்கிறதா என்று காலால் மிதிக்காமல் கம்பால் தட்டிப் பாருங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாத்ரூம் வாளியில் தண்ணீர் விட்டு வைக்காதீர்கள். தலைகீழாக விழுந்தால் அதுகளால் எழ முடியாது. அரை வாளித் தண்ணீரே போதும்.

சம்ப்பைச் சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன் மோட்டார் லைனை அணைத்துவிட்டு, மூடியை நன்றாகத் திறந்து சில மணி நேரம் காற்றாட விடுங்கள். மேலே ஓர் ஆள் நிற்காமல் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் அடுத்தவர் குதிக்கக் கூடாது, 101-ஐ அழைக்க வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து இறந்த கதைகள் எல்லாம் காப்பாற்றப் போனவர்களின் கதைகள்.

செப்டிக் டேங்க்கில் யாரும் இறங்கவே கூடாது. உங்கள் வீட்டு ஆளும் கூடாது, கூலிக்கு வந்த ஆளும் கூடாது. அதில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும், அளவு கூடியதும் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும்; வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் திரும்ப மாட்டார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் இறக்கிய வீட்டுக்காரரும் குற்றவாளி. உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆறாம் படி: குழந்தைகளின் உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பது

தரையில் உட்காருங்கள். அங்கிருந்து எது கைக்கு எட்டுகிறது? தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஃபினாயிலும் டர்பன்டைனும், பாட்டியின் தலையணைக்கடியில் இருக்கும் சர்க்கரை மாத்திரை, ரிமோட்டில் இருக்கும் பட்டன் செல். குடிக்கும் பாட்டிலில் குடிக்காத எதையும் ஊற்றக் கூடாது. பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை சில, ஒன்றே ஒன்று விழுங்கினாலும் குழந்தைக்கு ஆபத்து. பட்டன் செல்லை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொண்டைக் குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அரித்துவிடும். விஷம் குடித்த யாருக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எலி பேஸ்ட் வீட்டில் இருக்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்ட்டைச் சாப்பிட்டவர் இரண்டு நாள் நன்றாக நடமாடுவார், அப்புறம் கல்லீரல் செயலிழக்கும். பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்த இரவு, ஏசி போட்ட அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்து வைத்த வீட்டில் அன்று படுக்காதீர்கள்.

சேலையில் கட்டிய தொட்டில் கைக்குழந்தைக்குச் சரி. அதே சேலையில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடி முறுக்கி விளையாடும்போது கழுத்து இறுகிவிடுகிறது. குழந்தையை எடுத்ததும் சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: வாசலும் தோட்டமும்

விறகு, செங்கல், பழைய டயர் குவியல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும், வலியே தெரியாது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் பாதி ஆபத்து போய்விடும். கடித்தால் கட்டு இறுக்கிப் போடாமல், கீறாமல், கை காலை அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. மருந்து அங்கே உண்டு. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே நம் வடநெம்மேலியில் 1978 முதல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

எட்டாம் படி: பூட்டு

இப்போது திருடனுக்கு வருவோம். முன்கதவுக்கு விலையுயர்ந்த பூட்டும் பின்கதவுக்கு ஒரு தகரத் தாழ்ப்பாளும் இருந்தால் அவன் எந்தப் பக்கம் வருவான்? பின்கதவைப் பலப்படுத்துங்கள். ஊருக்குப் போனால் பால், பேப்பரை நிறுத்தச் சொல்லுங்கள், எதிர்வீட்டு அக்காவிடம் வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். சாவியைச் செருப்புக்குள்ளும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்காதீர்கள். கொடைக்கானல் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடலாம், அவை எங்கும் ஓடிவிடாது.

போனில் வரும் திருடனுக்கு ஒரே வரி: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் இல்லை, போனில் நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் (PIN) எண் தேவையில்லை, இன்றிரவு கரண்டைத் துண்டிப்போம் என்று வரும் மெசேஜில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. தாமதம் குறையக் குறையப் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு கூடும்.

கடைசிப் படி: ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்

பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸ், 101 தீயணைப்பு, 1906 கேஸ், 1930 பண மோசடி, 1098 குழந்தைகளுக்கு. அதற்குக் கீழே வீட்டு முகவரியை முழுதாக, கதவு எண், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ ஏதாவது அடையாளத்தோடு எழுதுங்கள். பதற்றத்தில் ஆம்புலன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பல பேருக்கு வாய் வராது. பக்கத்து வீட்டு எண் ஒன்று, மருந்து ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் அது, கேஸ் இணைப்பு எண். பேட்டரி தீர்ந்த போனில் சேமித்த எண் உதவாது என்பதால் பேனாவால்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள்.